செகண்ட் லைஃப்: 20 மீட்டருக்குள் ஒரு கூட்டம்

வெவ்வேறு ஊர்களில் இருந்தபடி மொழிபெயர்ப்பு வேலையைப் பகிர்ந்துகொள்ளும் நாங்கள் ஐந்து பேர், வாராந்திரக் கூட்டத்தைக் காணொளிச் செயலியிலிருந்து செகண்ட் லைஃபுக்கு மாற்றிச் சில மாதங்கள் ஆகின்றன. சான் பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூனில் தொடங்கிய இந்த மெய்நிகர் உலகம் இன்னும் இருக்கிறதா என்று வியந்தவர்களே அதிகம். 2006-இல் ராய்ட்டர்ஸ் அங்கே செய்திப் பிரிவு தொடங்கியதும், 2007-இல் சுவீடன் தூதரகம் திறந்ததும் பெரிதாகப் பேசப்பட்டன. அந்த ஆரவாரம் எப்போதோ அடங்கிவிட்டது.

கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. தலையில் மாட்டும் கருவியும் வேண்டாம்; மென்பொருளைக் கணினியில் நிறுவிவிட்டால் விசைப்பலகையும் மவுஸும் போதும். சொந்த நிலத்துக்குத்தான் காசு. சாண்ட்பாக்ஸ் எனப்படும் பொதுத் திடல்களில் எவரும் எதையும் கட்டலாம் என்றாலும், குறித்த நேரம் கழிந்ததும் கட்டியவை தாமாகவே உரியவரின் கணக்கிலுள்ள பொருள் இருப்புக்குத் திரும்பிவிடும். ஆகவே வாரந்தோறும் மேசையையும் ஐந்து நாற்காலிகளையும் போட்டு எடுக்கும் பந்தல்காரர் வேலை எனக்கு வாய்த்திருக்கிறது.

இந்த உலகின் உண்மையான பலம் அதன் காட்சிகளில் இல்லை, தொலைவில் இருக்கிறது. எழுத்தில் பேசினால் 20 மீட்டர் வரை கேட்கும். கிசுகிசுத்தால் 10 மீட்டர், கத்தினால் 100 மீட்டர். குரலில் பேசும்போது இடப்பக்கம் அமர்ந்திருப்பவரின் பேச்சு இடக்காதில் விழுகிறது. ஒருவர் வாய் திறந்தால் மற்ற அனைவரும் மௌனம் காக்க வேண்டிய காணொளிக் கூட்டத்தில் பக்கப் பேச்சுக்கு இடமே இல்லை. இங்கே, மருந்துக் கையேடு ஒன்றில் வருவது பக்கவிளைவா, பாதக விளைவா என்று முட்டிக்கொண்ட இருவர் எழுந்து முப்பது மீட்டர் தள்ளிப் போய் எழுத்தில் வாதிட்டார்கள். தட்டச்சு செய்யும்போது அவதாரின், அதாவது அங்கே நமக்குப் பதிலாக நடமாடும் உருவத்தின், கைகள் உயர்ந்து, இல்லாத விசைப்பலகையைக் காற்றில் தட்டும் என்பதால், வாதத்தில் ஒரு சொல்லும் எங்கள் திரைக்கு வராமலே, இன்னும் தீரவில்லை என்பது மட்டும் தெரிந்தது. நாங்கள் மூவரும் அடுத்த பக்கத்தை முடித்துவிட்டோம்.

நெடுநேரம் எதையும் தொடாதவரின் அவதார் தலையைத் தொங்கப் போட்டுவிடும். அடுப்பைப் பார்க்கப் போகிறவர் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது நல்லது.

ஆவணத்தைத் திருத்தும் வேலைக்கு இது உதவாது. சுவரில் இணையப் பக்கத்தை ஒட்ட வழி உண்டு, ஆனால் கோணலாகத் தெரியும் எழுத்தைப் படித்துப் பிழை திருத்துவது கண்ணுக்குத் தண்டனை; கோப்பை வேறு சாளரத்தில் திறந்துகொண்டுதான் பேசுகிறோம். என்னுடைய பழைய மடிக்கணினியோ, கூட்டம் நிறைந்த இடத்துக்குள் நுழைந்தாலே விசிறி இரைய, மனிதர்களைச் சாம்பல் நிற உருவங்களாகக் காட்டிவிட்டு ஆற அமர உடுத்திவிடுகிறது. கிராஃபிக்ஸ் கார்டு நன்றாக இருந்தால் இத்தொல்லை குறையும்.

நேரக் கணக்கிலும் கவனம் வேண்டும். அவ்வுலகின் கடிகாரம் கலிபோர்னியா நேரத்தைக் காட்டுகிறது: கோடையில் நம் இரவு 9.30 மணி அங்கே காலை 9 மணி. நவம்பரில் அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பியதும் அதுவே 8 மணி. அதை மறந்து அங்கத்திய 9 மணியையே நம்பியிருந்த ஒருவர் வந்து சேர்ந்தபோது, நான் நாற்காலிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.