டேங்கையும் ஹோஸையும் கரையில் வைத்துவிட்டு மோட்டாரை மட்டும் பழுதுபார்க்கக் கொடுக்காதீர்கள்

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்தில், மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையில் உள்ள நாகமரையிலிருந்து இதை எழுதுகிறேன். எங்கள் கரையில் பரிசல்களே மிகுதி. எங்கள் குடும்பத்திடம் ஃபைபர் படகு ஒன்றும், அதற்கு படகின் பின்புறம் வெளியே மாட்டும் 9.9 குதிரைத்திறன் கொண்ட டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் ஒன்றும் இருக்கின்றன. அந்த மோட்டாரின் பெயரால் இரண்டு மாதங்களில் 18,500 ரூபாயை இழந்தேன். பணம் போனதைக் காட்டிலும், பழுது நீங்கிவிட்டது என்ற சொல்லை நம்பி நானும் என் தம்பியும் இரண்டு முறை காற்று நேரத்தில் நடுநீரில் நின்றோம் என்பதே என்னை எழுத வைக்கிறது.

பழுது இப்படித் தொடங்கியது. மோட்டார் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொள்ளும். மெதுவாக ஓட்டினால் குறை எதுவும் தெரியாது. வலையும் மீனும் ஏற்றிக்கொண்டு முழு வேகம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் இழுவை குறைந்து, முனகி, நின்றுவிடும். சிறிது நேரம் விட்டுப் பிடித்தால் மீண்டும் ஓடும், மீண்டும் நிற்கும். பெட்ரோல் போய்ச் சேரவில்லை என்பது எங்களுக்கே விளங்கியது. எந்த இடத்தில் தடைபடுகிறது என்பதுதான் விளங்கவில்லை.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கடையில் படகு மோட்டார் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டுத் தொலைபேசியில் பேசினேன். டேங்க், ஹோஸ் எதுவும் வேண்டாம், எல்லாம் கடையிலேயே இருக்கிறது, மோட்டாரை மட்டும் கொண்டுவந்தால் போதும் என்றார்கள். சுமை வண்டி வைத்து ஏற்றிச் சென்றேன். நான்கு நாள் கழித்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் போய்விட்டது, புதிதாக மாற்றியிருக்கிறோம் என்று சொல்லி, தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரை இறக்கி ஓட்டிக் காட்டினார்கள். அது தையல் எந்திரம்போல் சீராக ஓடியது. 11,800 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் பண்ணவாடிக் கரைக்குப் பாதித் தூரம் போகுமுன் பழையபடியே நின்றது. பரிசல்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுத்து வந்தார்.

இரண்டாம் முறை கொண்டுபோனபோது பெட்ரோலை இழுத்துத் தரும் ஃபியூயல் பம்ப்பின் டயாப்ரம், அதாவது உள்ளே இருக்கும் சவ்வு, கிழிந்திருக்கிறது என்று 4,200 ரூபாயும், கூலி 2,500 ரூபாயும் வாங்கிக்கொண்டார்கள். கழற்றிய பழைய உதிரிப்பாகங்களைக் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அதே டிரம்மில், அவர்களுடைய டேங்கிலும் ஹோஸிலும், வெற்று ஓட்டமாக ஓட்டிக் காட்டினார்கள். நீரில் போட்ட அன்றே மூன்றாம் முறையாக நின்றது.

கண்டுபிடித்தவர் என் தாய்மாமா. அவர் பம்ப்செட் வேலை செய்பவர். படகு மோட்டாரைத் தொட்டுப் பழக்கமில்லாதவர். "மாப்ளே, நீ ஓட்டு, நான் பல்பைப் பார்த்துக்கிறேன்" என்று டேங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். டேங்குக்கும் மோட்டாருக்கும் இடையே ஹோஸின் நடுவில் இருக்கும் ரப்பர் பல்பைத்தான் சொன்னார். முழு வேகத்தில் சில நிமிடம் போனதும் அந்தப் பல்ப் உறிஞ்சிய மாம்பழம்போல் ஒட்டிப்போனது. பல்ப் ஒட்டிப்போனால் தடை டேங்குக்கும் பல்புக்கும் இடையில் இருக்கிறது என்று பொருள். அழுத்தி அழுத்தியும் பல்ப் இறுகாமல் தொளதொளவென்று இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பல்பின் உள்ளே இருக்கும் வால்வு கெட்டிருக்கிறது. பல்ப் இறுகியே இருந்தும் மோட்டார் பட்டினி கிடந்தால்தான் அதற்கு மேலே இருக்கும் ஃபில்டரையும் பம்ப்பையும் கார்புரேட்டரையும் சந்தேகிக்க வேண்டும்.

மாமா முதலில் டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறந்தார். அது முன்பே திறந்துதான் இருந்தது. மூடியையே கழற்றிவைத்தும் பல்ப் ஒட்டியது. டேங்கின் உள்ளே உறிஞ்சுகுழாயின் நுனி வலை சுத்தமாக இருந்தது. எஞ்சியது ஹோஸ் ஒன்றுதான். கத்தியால் நீளவாக்கில் கீறிப் பார்த்தபோது, வெளியே ஒரு வெடிப்புகூட இல்லாத அந்தக் குழாயின் உள்தோல் உரிந்து நாக்குபோல் தொங்கியது. மெல்ல இழுக்கும்போது வழிவிடும் அந்தத் தோல், வேகமாக இழுக்கும்போது மடிந்து அடைத்துக்கொள்கிறது. புது ஹோஸ், பல்ப், கிளாம்ப் எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. அவுட்போர்டு தயாரிப்பாளர்களில் பெரும்பாலோர் 10 விழுக்காடு வரைதான் ஏற்கலாம் என்று கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். எத்தனால் பழைய வகை ரப்பரை ஊறவைத்து உரிக்கும்; நீரையும் இழுத்துக்கொள்ளும். படகு மோட்டார் பார்க்கிறவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ஹோஸ் எத்தனை ஆண்டுப் பழையது என்பதுதான். அதைக் கேட்காதது மட்டுமல்ல, ஹோஸைக் கொண்டுவரவே வேண்டாம் என்றார்கள். பழுது எங்கள் கரையில் கிடக்க, பழுதில்லாத அவர்களுடைய ஹோஸில் ஓட்டிக் காட்டிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். மேலும், சுமையில்லாமல் டிரம்மில் ஓடும் மோட்டார் குடிக்கும் பெட்ரோல் மிகக் குறைவு. அந்த ஓட்டத்தில் இந்தக் குறை ஒருநாளும் தெரியாது.

இதைக் கவனக்குறைவு என்றுகூட விட்டிருப்பேன். ஆனால் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தபோது, சென்ற ஆண்டு என் கைப்பிழையால் தலை சிதைந்த அதே ஐடில் ஸ்க்ரூ (மெதுவோட்டத்தைச் சரிசெய்யும் திருகு) அதில் இருந்தது. பழையதையே கழுவி மாட்டிவிட்டுப் புதியதன் விலையை வாங்கியிருக்கிறார்கள்.

டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி என்று நாம் கலக்கும் 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் மசகு. பெட்ரோல் தடைபட்டால் அந்த ஆயிலும் தடைபடுகிறது. அப்படியே விரட்டி ஓட்டினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். எங்கள் மோட்டார் அந்த நிலைக்குப் போகாமல் தப்பியது. ஆகவே கடைக்குக் கொண்டுபோகுமுன், நன்றாக ஓடும் வேறொரு படகின் டேங்கையும் ஹோஸையும் ஒரு மணி நேரம் இரவல் வாங்கி, உங்கள் மோட்டாரில் மாட்டி, சுமையோடு ஓட்டிப் பாருங்கள். அதில் குறை நீங்கிவிட்டால் மோட்டாரை யாரும் பிரிக்கத் தேவையில்லை. கொடுத்தே ஆக வேண்டுமானால் டேங்க், ஹோஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்; கழற்றும் பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்; உதிரிப்பாகத்தின் பெயர் எழுதிய பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

என்னிடம் முறையான பில் இல்லை. "புது கார்புரேட்டர்" என்று அவர்கள் கைப்பட எழுதிய துண்டுச் சீட்டும், கைபேசி வழியாகப் பணம் அனுப்பிய பதிவும் இருக்கின்றன. பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவரும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே. கடை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. தர்மபுரியில் கொடுப்பதற்கான மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன். கீறிய ஹோஸும் சிதைந்த ஸ்க்ரூவும் அதற்காக ஒரு பையில் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. இதே குறையோடு மோட்டார் வைத்திருப்பவர்கள் நாகமரைப் படகுத்துறைக்கு வந்தால் அந்த உரிந்த தோலைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்.