அப்பத்தாவின் கண் சொட்டு

அந்தப் புட்டியில் லேபிள் இல்லை. தயாரித்தவர் பெயர், தேதி எதுவும் இல்லை. உள்ளே கலங்கலாக ஒரு நீர், அவ்வளவுதான். மதுரை மாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் ‘கண் புரைக்கு நந்தியாவட்டைச் சொட்டு’ என்று கொடுத்ததை அப்பத்தா காலையும் ராத்திரியும் விட்டுக்கொண்டிருந்தார். நான் சிங்கப்பூரிலிருந்து வந்து பார்த்தபோது இடது கண் செக்கச்செவேல் என்றிருந்தது.

கடைக்கே போனேன். “இது எப்ப காய்ச்சினதுண்ணே?”

“அப்பப்ப போடுறதுதான் தம்பி. எங்க தாத்தா காலத்து முறை, யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல.”

எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று கேட்டால் “தீர்ற வரைக்கும்” என்கிறார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சிங்கப்பூரில் சீன மருந்துக் கடைக்குப் போனால் டப்பாவில் தயாரித்தவர் பெயர், காலாவதித் தேதி எல்லாம் அச்சடித்திருக்கும். இங்கும் சித்த மருந்து தயாரித்து விற்க உரிமமும் லேபிளும் சட்டப்படி வேண்டும். கேட்க ஆளில்லை.

நந்தியாவட்டை மேல் எனக்குக் கோபமில்லை. சின்ன வயதில் கண் எரிந்தால் அப்பத்தாவே வாசல் செடியில் பூப்பறித்து, மூடிய இமைமேல் வைத்து ஒற்றுவார். அந்தக் குளிர்ச்சிக்கு இன்றும் ஏங்குகிறேன். ஆனால் இமைமேல் வைப்பது வேறு, கண்ணுக்குள் விடுவது வேறு. காம்பைக் கிள்ளினால் பால் வடிகிற செடி அது. அதன் சாற்றை ஆய்வகத்திலும் எலிகளிடமும் சோதித்திருக்கிறார்கள், வீக்கம் குறைவதாகவும் கண்டிருக்கிறார்கள். அதை வைத்து மனிதக் கண்ணில் புரை கரையும் என்று சொல்ல முடியாது. புரை என்பது கண் லென்ஸில் உள்ள புரதம் கலங்கிப்போவது. அதைத் தெளியவைக்கும் சொட்டு நாட்டு மருந்திலும் இல்லை, இங்கிலீஷ் மருந்திலும் இல்லை. அறுவைதான் வழி.

பொன்னாங்கண்ணிக்கு ஆதாரம் உண்டு. அதிலுள்ள பீட்டா கரோட்டினை உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். அந்தச் சத்துக் குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு நல்லது. புரைக்கு அதுவும் உதவாது.

எனக்குப் பெரிய பயம் கருவிழிப் புண்தான். 1997இல் வெளியான மதுரை ஆய்வில், கிருமி கண்டறியப்பட்ட புண்களில் கிட்டத்தட்டப் பாதி பூஞ்சையால் வந்தவை. வயக்காட்டில் நெல் சுணை கீறிய கண்ணில் இப்படிச் சுத்தமில்லாத நீரை விட்டால் பார்வையே போகலாம்.

மறுநாள் கண் ஆஸ்பத்திரி. மஞ்சள் சாயம் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் புண் இல்லை, சொட்டின் எரிச்சல்தான் என்றார் டாக்டர். மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிட்டோம். சிங்கப்பூரில் இதற்கு ஸ்பெஷலிஸ்ட் தேதி கிடைக்கவே காத்துக் கிடக்க வேண்டும். 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. இந்த ஊரிலேயே பெயரில்லாத புட்டியும் விற்கிறதே என்பதுதான் என் ஆற்றாமை.

தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. நந்தியாவட்டையை அவர்கள் முறையாக நோயாளிகளிடம் சோதித்து முடிவைச் சொல்லட்டும். நல்லது என்று வந்தால், லேபிளோடு நானே வாங்கி அனுப்புகிறேன்.