சி.எஃப்.ஏ. முடித்துவிட்டு எஃப்.ஆர்.எம். எழுதப் போகிறவர்கள் 'பிரிட்ஜ் கோர்ஸ்' விற்பவர்களிடம் கவனமாக இருங்கள்

முதலீட்டு ஆய்வுக்கான சி.எஃப்.ஏ. தேர்வின் மூன்று லெவலையும் முடித்தவர்கள் அடுத்து நிதி இடர் மேலாண்மைக்கான எஃப்.ஆர்.எம். தேர்வை எழுதலாமா என்று லேசாக விசாரித்தாலே போதும், போன் வரத் தொடங்கிவிடும். "சிலபஸில் முக்கால்வாசி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், மீதியை மட்டும் நாங்கள் சொல்லித் தருகிறோம்" என்பார்கள். அப்படிச் சொன்ன ஒரு ஆன்லைன் கோச்சிங் நிறுவனம் என் பணத்தை வாங்கிக்கொண்டு என்ன கொடுத்தது என்பதை எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. இதே பாணியில் விற்பவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள், அந்தப் பாணியைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

முதல் பொய் போனிலேயே வந்தது. சி.எஃப்.ஏ. முடித்தவர்களுக்குத் தரும் சார்ட்டர் இருந்தால் எஃப்.ஆர்.எம்.மின் இரண்டு பார்ட்டில் பார்ட் ஒன்னுக்கு விலக்கு வாங்கிவிடலாம் என்றார் பேசியவர். கிடையவே கிடையாது. எஃப்.ஆர்.எம். தேர்வை நடத்தும் கார்ப் அமைப்பு சி.எஃப்.ஏ. முடித்தவர்களுக்கு எந்தப் பகுதியிலும் விலக்கு தருவதில்லை, அதேபோல எஃப்.ஆர்.எம். முடித்தவர்களுக்கு சி.எஃப்.ஏ. பக்கத்திலும் இல்லை. இதைச் சொன்னதும் பேச்சு மாறியது: அப்படியானால் இரண்டு பார்ட்டையும் சேர்த்தே எழுதுங்கள், உங்கள் அடித்தளத்துக்கு அது பெரிய விஷயமே இல்லை என்றார். பார்ட் ஒன்னில் தேறாவிட்டால் பார்ட் டூ விடைகளை மதிப்பிடவே மாட்டார்கள் என்பதையும், பார்ட் ஒன் தேறிய பிறகு பார்ட் டூ முடிக்க 4 ஆண்டு அவகாசம் இருக்கிறது என்பதையும் அவர் சொல்லவில்லை. இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வைப்பதில்தான் அவருக்கு அக்கறை.

சரி, கோர்ஸுக்குள் போனால் என்ன இருந்தது? நெறிமுறைப் பாடம் என்று திறந்தால் சி.எஃப்.ஏ.வின் ஏழு ஒழுங்கு விதிகளை விளக்கும் பழைய ரெக்கார்டிங். எஃப்.ஆர்.எம்.மில் படிக்க வேண்டியது கார்ப்பின் சொந்த நடத்தை விதிகள், அது ஒரே ஒரு அத்தியாயம். பாண்டு விலை, டியூரேஷன், ஆப்ஷன், ரிக்ரஷன் என்று நமக்குத் தெரிந்ததையே மணிக்கணக்கில் ஓட்டினார்கள். மாக் டெஸ்ட்டைத் திறந்ததும் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போனது: ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விடைகள்தான் இருந்தன. மூன்று விடை வைப்பது சி.எஃப்.ஏ., எஃப்.ஆர்.எம்.மில் நான்கு. வேறொரு தேர்வுக்குத் தயாரித்த கேள்விகளை எடுத்து அட்டையை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள், அதைச் சரிபார்க்கக்கூட ஒருவரும் இல்லை.

பார்ட் டூ இன்னும் மோசம். சந்தை விலை மாற்றத்தால் வரும் இடருக்கு வங்கி மூலதனம் ஒதுக்குவதை 99 சதவீத வேல்யூ அட் ரிஸ்க்கோடு, அதாவது 99 சதவீத நேரம் நஷ்டம் தாண்டாத அளவோடு, நிறுத்திவிட்டார்கள். வங்கிகளுக்கான சர்வதேச விதிகளை வகுக்கும் பாசல் குழு 2016இல் வெளியிட்டு 2019இல் திருத்திய விதிகளில் அந்த இடத்துக்கு 97.5 சதவீத எக்ஸ்பெக்டட் ஷார்ட்ஃபால், அதாவது அந்த எல்லையைத் தாண்டும் நஷ்டங்களின் சராசரி, வந்துவிட்டது, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஊழியர் தவறு, மோசடி, கணினிக் கோளாறு போன்றவற்றால் வரும் செயல்பாட்டு இடர் வகுப்பில், வங்கிகள் தங்கள் சொந்த மாடலை வைத்து மூலதனம் கணக்கிடும் முறையை இன்றைய நடைமுறை போலவே நடத்தினார்கள். 2017 டிசம்பரிலேயே அதை நீக்கிவிட்டு ஒரே தரப்படுத்தப்பட்ட முறையைக் கொண்டுவர முடிவெடுத்தாகிவிட்டது. நடப்பு விவகாரங்கள் பகுதியில், வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கும் வட்டியைக் காட்டிய லைபார் சீக்கிரம் முடிவுக்கு வரப்போகிறது என்று ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார். டாலர் லைபார் 2023 ஜூனோடு முடிந்த கதை. இந்தப் பகுதிக்கான கட்டுரைகளை கார்ப் ஆண்டுதோறும் மாற்றுகிறது, பழையதை வைத்து ஒன்றுமே செய்ய முடியாது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இங்கேதான். சி.எஃப்.ஏ. முடித்தவர் எஃப்.ஆர்.எம்.முக்கு வரும்போது தடுமாறும் இடங்கள் எவை என்று இந்தத் துறையில் இருக்கிற யாருக்கும் தெரியும். ஏற்ற இறக்கத்தைக் கணிக்கும் ஈ.டபிள்யூ.எம்.ஏ., கார்ச் மாடல்கள், அரிதான பெரிய நஷ்டங்களை அளக்கும் எக்ஸ்ட்ரீம் வேல்யூ தியரி, பல இடர்கள் சேர்ந்து நகர்வதைக் காட்டும் காப்புலா, மெர்ட்டன் மாடலை வைத்து ஒரு நிறுவனம் கடனைக் கட்டத் தவறும் வாய்ப்பைக் கணிப்பது, 30 நாள் நெருக்கடியைத் தாங்க வைக்கும் பணப்புழக்க விகிதம், ஓராண்டுக்கான நிலையான நிதி விகிதம், இவையெல்லாம்தான். சி.எஃப்.ஏ. நம்மை முதலீட்டாளர் பக்கம் உட்காரவைத்துப் பழக்குகிறது, எஃப்.ஆர்.எம். வங்கியின் இடர் மேலாளர் நாற்காலியில் உட்காரச் சொல்கிறது. இந்த மாற்றத்துக்குத்தான் உண்மையில் ஒரு பாலம் தேவை, அதைச் சொல்லித்தான் பணம் வாங்கினார்கள், கோர்ஸில் இல்லாததும் அதுவேதான். கேள்வியின் வேகமும் வேறு: பார்ட் ஒன்னில் 4 மணி நேரத்தில் 100 கேள்வி, பார்ட் டூவில் அதே நேரத்தில் 80. கணக்கு அதிகம். நீளமான கேஸைப் படித்துவிட்டு அதிலிருந்து சில கேள்விகளுக்குப் பதில் எழுதும் சி.எஃப்.ஏ. லெவல் டூ பழக்கம் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது.

அப்புறம் தேர்வு நெருங்கும்போது வாட்ஸ்அப் குழுவில் ஒரு கோப்பு போட்டார்கள், போன முறை எழுதியவர்கள் நினைவில் வைத்துச் சொன்ன கேள்விகளாம். தயவுசெய்து இதைத் தொடாதீர்கள். தேர்வுக் கேள்விகளை வெளியே சொல்வதும் பகிர்வதும் கார்ப் விதிப்படி குற்றம், முடிவையே ரத்து செய்யலாம். நீங்கள் சார்ட்டர் வைத்திருப்பவர் என்றால், ஏமாற்று வேலையில் கை வைத்ததற்காக சி.எஃப்.ஏ. பக்கமும் விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். கஷ்டப்பட்டு வாங்கிய ஒன்றை இவர்களுக்காகப் பணயம் வைக்கவேண்டிய அவசியம் இல்லை. நான் குழுவிலிருந்து அன்றே வெளியேறிவிட்டு, அந்தக் கோப்பு வந்த விவரத்தை கார்ப்புக்கு எழுதி அனுப்பினேன்.

ரீஃபண்ட் கதை சின்னது. 'தேறாவிட்டால் முழுப் பணமும் திரும்ப' என்று விளம்பரம், உள்ளே போனால் எல்லா வீடியோவையும் நூறு சதவீதம் பார்த்திருக்க வேண்டும் என்று நிபந்தனை. செயல்பாட்டு இடரின் கடைசி வகுப்புகளை அவர்கள் ஏற்றவே இல்லை, அதனால் யாருடைய கணக்கிலும் நூறு வராது. இதைச் சுட்டிக்காட்டி எழுதிய மெயிலுக்கு, "நீங்கள் தகுதியுள்ளவர், சொந்தமாகவே படித்துக்கொள்ள முடியும்" என்று பதில் வந்தது. கார்டு வழங்கிய வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், மூன்று விடை மாக் டெஸ்ட், காலியாக இருக்கும் வகுப்புப் பட்டியல் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். நீங்களும் எதில் சேர்ந்தாலும் முதல் நாளிலிருந்தே இப்படி எடுத்து வையுங்கள், பின்னால் பக்கத்தை மாற்றிவிடுவார்கள்.

பணம் கட்டும் முன் அவர்களிடம் இதைக் கேளுங்கள்: இந்த ஆண்டுக்கான கற்றல் குறிக்கோள்களை கார்ப் வெளியிட்டிருக்கிறதே, அதில் ஒவ்வொன்றுக்கும் உங்கள் எந்த வகுப்பு? ஒழுங்காக நடத்துபவர் அந்தப் பட்டியலை உடனே அனுப்புவார். பார்ட் டூவின் செயல்பாட்டு இடர் வகுப்பு ஒன்றையும் பணப்புழக்க இடர் வகுப்பு ஒன்றையும் முழுதாகப் பார்க்கக் கேளுங்கள், அறிமுக வகுப்பு வேண்டாம், அதை எல்லோரும் நன்றாகத்தான் எடுத்து வைத்திருப்பார்கள். ரீஃபண்ட் நிபந்தனைகளை எழுத்தில் வாங்குங்கள். நான் இப்போது கார்ப்பின் சொந்தப் புத்தகங்களையும் அவர்கள் தரும் மாதிரித் தேர்வுகளையும் வைத்துத் தனியாகத்தான் படிக்கிறேன். கார்ச் மாடலில் சந்தேகம் இருப்பவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.