ஒரு வருட டிக்கெட், ஐந்து பயணம், அரைக் கோட்டை

கூடப் படித்த நண்பன் ஒருவன் லண்டனுக்குக் குடிவந்திருக்கிறான். வந்ததும் வராததுமாக ஒரு கேள்வி: "லீட்ஸ் கோட்டைக்கு ஒரு டிக்கெட் எடுத்தா வருஷம் பூரா போகலாமாமே, எடுக்கலாமாடா?"

போகலாம். பிரச்சினையே அதுதான்.

முதலில் ஒன்று. இது வடக்கே இருக்கிற லீட்ஸ் நகரம் இல்லை. கென்ட் மாவட்டத்தில், மெய்ட்ஸ்டன் பக்கம், லீட்ஸ் என்று ஒரு கிராமம். எம்20 நெடுஞ்சாலையில் 8ஆம் எண் சந்திப்பில் இறங்க வேண்டும். ஜிபிஎஸ்ஸில் வெறுமனே 'லீட்ஸ்' என்று அடித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

இடத்தைப் பற்றிக் குறையே சொல்ல முடியாது. லென் ஆற்றுத் தண்ணீர் ஏரியாக நிற்கிறது. அதன் நடுவே இரண்டு தீவுகளில் கோட்டை. கார் நிறுத்துமிடத்திலிருந்து தோப்பு வழியாக நடந்தால் வாத்துகள், மயில்கள், கறுப்பு அன்னங்கள். அன்னம் வெள்ளையாகத்தான் இருக்கும் என்று நம்பியிருந்த என் சின்ன மகள் முதல் நாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். முக்கால் மணி நேரம் அதிலேயே போனது.

பிறகு மரத்தில் கட்டிய விளையாட்டுக் கோட்டை. நிஜக் கோட்டை முன்னால் நிற்க, பிள்ளைகளுக்கு அந்த மரக் கோட்டைதான் வேண்டும். பிறகு மேஸ். 2,400 யூ என்ற பசுமைமாறா மரங்களை வேலியாக வளர்த்து, 1980களில் உண்டாக்கிய புதிர்ப்பாதை. நடுவில் இருக்கிற மேட்டை எட்டிவிட்டால், திரும்ப அதே வழியில் அலைய வேண்டியதில்லை. சிப்பிகள் பதித்த குகை வழியாகக் கீழே இறங்கி வெளியே வந்துவிடலாம். அதை எட்டுவதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போகும். பெரியவன் மேட்டில் நின்று, "அப்பா, லெஃப்ட்!" என்று கத்துவான். அவன் லெஃப்டா, என் லெஃப்டா என்று நான் கத்துவேன்.

இதெல்லாம் முடிவதற்குள் மணி மூன்றரை. வீட்டுக்காரி சொல்வாள்: "உள்ள அடுத்த தடவை பார்த்துக்கலாம், டிக்கெட்தான் இருக்கே."

அந்த 'அடுத்த தடவை'தான் என் வயிற்றெரிச்சல். மூன்று முறை போயும் நான் கோட்டையின் வாசலைத் தாண்டவில்லை.

நாலாவது முறை அப்பா வந்தார். வேலூரிலிருந்து மூன்று மாதத்துக்கு வந்தவருக்கு ஒதுக்கியது ஒரே ஒரு நாள். "நீங்க விளையாடுங்க, நான் பார்த்துட்டு வரேன்" என்று போனவர் மூன்று மணி நேரம் கழித்துத்தான் திரும்பினார். காரில் ஏறியதும் ஆரம்பித்தார்.

"1321ல ராணி இசபெல்லா வந்து தங்க இடம் கேட்டாளாம். உள்ள இருந்த அம்மா கதவைத் திறக்கலையாம்டா! மேலேர்ந்து அம்பு விட்டு ராணியோட ஆளுங்கள்ல சில பேரைக் கொன்னுட்டாங்களாம். அப்புறம் ராஜாவே படையோட வந்து கோட்டையைப் பிடிச்சாராம்." அந்த ராணிக்கு யாரோ கதவைத் திறக்கவில்லை. எனக்குத் திறந்தே கிடந்தது.

எட்டாம் ஹென்றி 1520இல் பிரான்ஸுக்குப் போகிற வழியில் பெரும் பரிவாரத்தோடு இங்கே தங்கியது, 1926இல் கோட்டையை வாங்கிய பெய்லி சீமாட்டி அதை இழைத்து இழைத்துச் செப்பனிட்டது, 1978 ஜூலையில் எகிப்து, இஸ்ரேல், அமெரிக்க வெளியுறவு அமைச்சர்கள் கூடிப் பேசியது, எல்லாம் வந்தது. எகிப்தும் இஸ்ரேலும் செய்துகொண்ட கேம்ப் டேவிட் உடன்பாட்டுக்கு இரண்டு மாதம் முன்னால். "பாதுகாப்புக்காக லண்டன்லேர்ந்து இங்க மாத்தினாங்களாம். சுத்தித் தண்ணி, வேற என்ன வேணும்?" என்றார். உடனே ஊர்ப்பேச்சு: "நம்மூர்ல கோட்டையைச் சுத்தி அகழி. இங்க ஏரிக்குள்ளயே கோட்டை."

அவரை ரொம்பக் கவர்ந்தது நாய்க் கழுத்துப்பட்டை அருங்காட்சியகம். ஆம், அதற்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. ஓநாய் குரல்வளையைக் கடித்துவிடாதபடி முள் வைத்த இரும்புப் பட்டையிலிருந்து சீமான் வீட்டு நாயின் அலங்காரப் பட்டை வரைக்கும் நூற்றுக்கு மேல். பிள்ளைகள் அதைக் கேட்டு வாயைப் பிளந்தார்கள். "தாத்தா, எங்க இருக்கு?" நாலு தடவை போன பிள்ளைகள் ஒரு நாள் போன தாத்தாவிடம் வழி கேட்கிறார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பேசாமல் ஓட்டினேன்.

ஐந்தாவது தடவை வைராக்கியமாகத் தனியே உள்ளே நுழைந்தேன். பாலத்தைத் தாண்டி, சின்னத் தீவில் நிற்கிற குளோரியட் என்ற கோட்டைப் பகுதிக்குப் போய், கல் ஜன்னலருகே நின்று, தண்ணீரைப் பார்த்து ஒரு மூச்சு விட்டேன். போன் அடித்தது. சின்னவள் மேஸுக்குள் அழுகிறாளாம், அம்மாவுக்கும் வழி தெரியவில்லையாம்.

ஆகவே நண்பா, இடம் அருமை, கொடுக்கிற காசுக்கு மேலேயே கிடைக்கும், பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இதைவிட நல்ல ஞாயிற்றுக்கிழமை கென்ட்டில் எனக்குத் தெரியாது. எடுக்காதே. எடுத்தால் அன்றைக்கே டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கோட்டைக்குள் போ.

எங்களுடையது வரும் ஞாயிறோடு முடிகிறது. மழை வருமாம். சின்னவள் இப்போதே சொல்லிவிட்டாள்: முதலில் மேஸ்.