பங்குனி ஆமையைத் தேடிய இரவு: கண்ணகி நகர்ப் பிள்ளைகளோடு ஒரு கடலாமை நடை

கண்ணகி நகரில் மாலை நேர வகுப்பு நடத்திவரும் என்னிடம், பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று பிற ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கடந்த பருவத்தில் எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் 14 பிள்ளைகளை, சென்னையின் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு நடத்தும் இரவு நடைக்கு அழைத்துச் சென்றோம். 1988இல் தொடங்கி, மாணவர்களும் தன்னார்வலர்களும் தொடர்ந்து நடத்திவரும் நடை இது. கடலாமைகள் கரையேறி இட்ட முட்டைகளைத் தேடியெடுத்து, அவற்றைக் காத்துப் பொரிக்கவைக்கும் பொரிப்பகத்துக்கு மாற்றுவதே இதன் வேலை. கட்டணம் கிடையாது.

இதன் அருமை எனக்குப் புரிந்ததற்கு, அதற்கு முந்தைய ஆண்டு நாங்கள் போன வேறொரு முகாமும் காரணம். மலைப்பகுதியில் சாகச விளையாட்டுகள் நடத்தும் ஒரு தனியார் நிறுவனம், பாதிக் கட்டணத்தில் எங்களைச் சேர்த்துக்கொண்டது. வாசலிலேயே 'ஆதரவற்ற குழந்தைகளுக்கான முகாம்' என்று பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். அதன் கீழே ஒவ்வொருவரையும் நிறுத்திப் படம் எடுத்த பிறகுதான் சாப்பாடு. கம்பியில் தொங்கிச் செல்லும் இரண்டு நிமிட விளையாட்டுக்காக முக்கால் மணி நேரம் வரிசையில் நின்ற பிள்ளைகளிடம், என்ன பார்த்தாய், எதற்குப் பயந்தாய் என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. திரும்பும் வழியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "எனக்கு அம்மா இருக்காங்களே மிஸ், அப்புறம் ஏன் அப்படி எழுதியிருந்தாங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

கடலாமை நடை நீலாங்கரையில் இரவு 11 மணி வாக்கில் தொடங்கி, பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் மணலில் செல்கிறது. கண்ணகி நகரிலிருந்து பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி நாலைந்து கிலோமீட்டர் போனால் கடல் வந்துவிடும். ஆனாலும் கூவம், அடையாற்றங்கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட குடும்பங்களில் வளரும் இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர், காணும் பொங்கல் கூட்டத்தில் பார்த்ததைத் தவிர வேறு கடலை அறியாதவர்கள். விளக்கில்லாத, சத்தமில்லாத கடலை அன்றுதான் பார்த்தார்கள். நடைக்கு முன் நடக்கும் விளக்க உரையைத் தமிழில் வைத்துக்கொள்ள முடியுமா என்று முன்கூட்டியே கேட்டிருந்தோம், அப்படியே செய்தார்கள். இந்தக் கரைக்கு வரும் கடலாமையை மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைப்பதையும், அது ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிட அதிகமாகக் கரையேறுவதையும், டார்ச் அடித்தால் மிரண்டு திரும்பிவிடும் என்பதையும் ஒரு தன்னார்வலர் நிதானமாகச் சொன்னார். 2025 ஜனவரியில் இதே கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியதையும், இழுவை வலையில் சிக்கும் ஆமை மூச்சுவிட மேலே வர முடியாமல் இறந்துபோவதையும் அவர் மறைக்கவில்லை. பிள்ளைகள் என்பதற்காக விஷயத்தை நீர்க்கச் செய்யாதது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இரண்டு மணி நேரம் ஒன்றுமே கிடைக்கவில்லை. கொட்டிவாக்கத்தைத் தாண்டியதும் முன்னால் நடந்த தன்னார்வலர் நின்றார். ஈர மணலிலிருந்து மேட்டுக்கு ஏறும் தடம் ஒன்றும், அதன் அருகே இறங்கும் தடம் ஒன்றும் தெரிந்தன. ஆமை முட்டையிட்டுவிட்டுத் திரும்பியிருந்தது. கலைந்த மணலில் ஒரு குச்சியை மெல்ல இறக்கி, எங்கே மணல் இளகிக் கொடுக்கிறது என்று அவர் தேடிய பத்து நிமிடமும் எங்கள் வகுப்பில் நான் ஒருபோதும் கேட்டிராத அமைதி நிலவியது. கழுத்துக் குறுகி வயிறு அகன்ற குடம்போன்ற குழி, ஒன்றரை அடி ஆழம். முட்டைகளைத் தொடுவது பயிற்சி பெற்றவர்களின் வேலை; ஆனால் துணிப்பையின் வாயை விரித்துப் பிடிக்கவும், எண்ணவும், குழியின் ஆழத்தை அளந்து சொல்லவும் எங்கள் பிள்ளைகளை அழைத்தார்கள். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் தலைகுனியும் ஒரு பையன் ஒவ்வொரு முட்டைக்கும் விரலை மடக்கி உரக்க எண்ணினான். 112. நோட்டில் குறித்துக்கொண்டிருந்த தன்னார்வலர் 111 என்றார். சரிபார்த்தபோது பையன் சொன்னதே சரியாக இருந்தது; அவர் தம் எண்ணை அடித்துத் திருத்தினார். அவன் சொன்ன எண் பதிவேட்டில் ஏறிய அந்தத் தருணத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

முட்டைகளை ஏன் அன்றிரவே மாற்ற வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும், அதன் பிறகு புரட்டினால் இறந்துவிடும் என்ற விடை வந்ததும், பையைத் தூக்கியவர்கள் பின்னால் எல்லோரும் குலுக்காமல் நடக்கத் தொடங்கினார்கள், பை கையில் இல்லாதவர்களும்கூட. 1941இல் வேல்ஸின் அபர்டோவியில் 'அவுட்வர்ட் பவுண்ட்' என்ற வெளிப்புறப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியவர்களுள் ஒருவரான கல்வியாளர் குர்ட் ஹான், பிறர் உயிரைக் காக்கும் பணியில் இளைஞர்களைப் பழக்குவதற்குப் பெரும் மதிப்புக் கொடுத்தவர். அதன் பொருள் எனக்கு விளங்கியது அந்த மணலில்தான். முந்தைய முகாமில் எங்கள் பிள்ளைகள் உதவி பெற வந்தவர்கள். இங்கே அவர்களுடைய கையும் கண்ணும் ஒரு வேலைக்குத் தேவைப்பட்டன.

பெசன்ட் நகர்ப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குழி தோண்டி முட்டைகளைப் புதைத்து, தேதியும் எண்ணிக்கையும் எழுதிய அட்டையை நட்டார்கள். ஏழு வாரம் கழித்து ஒரு மாலையில் குஞ்சுகளை விடுவதைப் பார்க்க மீண்டும் போனோம். உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சுகள் கடலின் வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்தபோது, தெருவிளக்குப் பக்கம் திரும்பிய ஒன்றைக் கண்டு பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள். இந்த இரண்டாவது வருகையைத் தவறவிடாதீர்கள்; முதல் இரவின் பாடத்தில் மறுபாதி இங்கேதான் கிடைக்கிறது.

அழைத்துச் செல்ல நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். மணலில் விடியும்வரை நடப்பது சிறு பிள்ளைகளால் முடியாது. எட்டாம் வகுப்புக்குக் கீழே வேண்டாம். வழியில் கழிப்பறை கிடையாது என்பதால் பெண் பிள்ளைகளிடம் இதை முன்பே பேசிவிடுங்கள். உடன் ஆசிரியைகள் இருவராவது வேண்டும். ஆமையே தென்படாத இரவும் உண்டு. அதைப் புறப்படுவதற்கு முன்பே சொல்லி வையுங்கள். எங்களுக்கு ஆன செலவு வேன் வாடகையும், தேநீரும், பன்னும் மட்டுமே. உண்மையில் கடினமாக இருந்தது பெற்றோரின் சம்மதம். விடியற்காலையில் வீட்டு வேலைக்குக் கிளம்பும் தாய்மார்கள், வயதுக்கு வந்த பெண்ணை இரவில் கடற்கரைக்கு அனுப்பத் தயங்கியது நியாயமே. வீடு வீடாகப் போய் இரண்டு வாரம் பேசினேன். வரும் ஜனவரிக்கு இதுவரை 19 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் இருவர், அன்று மிகவும் தயங்கிய தாய்மார்கள்.