ஆலப்புழா படகுவீடு: இருபது வருடம் போய் வந்தவனின் கணக்கு

முதல் தடவை போனது 2005 ஜனவரி. கடைசியாகப் போனது 2024 டிசம்பர். நடுவில் ஒரு பதினோரு தடவை இருக்கும். தென்காசிக்காரர்களுக்கு ஆலப்புழா பெரிய தூரமில்லை. மலையைத் தாண்டினால் புனலூர், கொல்லம், அங்கிருந்து வடக்கே இரண்டு மணி நேரம். சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினால் ஞாயிறு ராத்திரி வீட்டில் வந்து படுத்துவிடலாம். இத்தனை தடவை போனவன் என்று, சொந்தத்தில் யார் படகுவீடு எடுப்பதானாலும் என்னிடம்தான் கேட்பார்கள். முன்பெல்லாம் வாயெடுக்கும் முன்பே "போங்க" என்பேன். இப்போது கொஞ்சம் யோசிக்கிறேன்.

காரணத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். கடைசியாகப் போன 2024 டிசம்பரில் கைபேசியில் நேரம் குறித்துக்கொண்டேன். பன்னிரண்டு இருபதுக்குப் படகு கிளம்பியது. ஒன்றரைக்குச் சாப்பாட்டுக்கென்று கரையில் கட்டினார்கள். கட்டிய இடம் ஒரு மீன்கடை வாசல்; கொஞ்சு என்கிற பெரிய இறால் வாங்கினால் சமைத்துத் தருவார்களாம், விலையைக் கேட்டுவிட்டு என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இரண்டே முக்காலுக்கு மறுபடி கிளம்பி நாலரைக்கு ராத்தங்கலுக்குக் கட்டியாயிற்று. மறுநாள் காலை எட்டு ஐந்துக்கு எடுத்து எட்டு நாற்பதுக்கு இறக்கிவிட்டார்கள். கூட்டிப் பார்த்தால் மூன்றரை மணி நேரம். இரண்டு அறைப் படகுக்குப் பதினாலாயிரம் கொடுத்தோம். ஓடிய ஒவ்வொரு மணிக்கும் நாலாயிரம் ரூபாய்!

2005-இல் ஏறிய படகு இதைவிடச் சின்னது. கதவு சரியாகச் சாத்தாது, ஏசி கிடையாது, கொசு உண்டு. ஆனால் பகல் முழுக்க ஓடியது. புன்னமடைப் படகுத்துறையில் ஏறி, கைநகரி ஊரைத் தாண்டி, ஆர் பிளாக் என்கிற வயல்பகுதியின் கரையோரமாக ஒரு சுற்று. அங்கே ஒரு வேடிக்கை என்னவென்றால் நாம் போகிற தண்ணீர் மேலே இருக்கிறது, வயல் கீழே கிடக்கிறது. வரப்புக்கு அந்தப்பக்கம் குனிந்து பார்த்தால்தான் நெல் தெரியும். குட்டநாட்டில் கடல் மட்டத்துக்குக் கீழேதான் விவசாயமே. சம்பக்குளம் பக்கத்தில் ஒரு குறுகலான தோட்டில், அதாவது கால்வாயில், இன்ஜினை நிறுத்திவிட்டு இரண்டு பேர் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். கரையில் பாத்திரம் விளக்குகிற அம்மாவின் வளையல் சத்தம் நமக்குக் கேட்கும். இந்தப் படகுகளெல்லாம் ஒரு காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய கெட்டுவள்ளங்கள். ஆணியே அடிக்காமல் கயிற்றால் பலகையைத் தைத்துச் செய்தவை. அன்று எங்கள் படகில் அந்தத் தையலைத் தொட்டுப் பார்த்தேன். இப்போது ஏறுகிறவற்றில் பிளைவுட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்றே தெரிவதில்லை.

ஓட்டம் குறைந்ததற்குப் படகுக்காரர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அன்று டீசல் லிட்டர் இருபது சொச்சம், 2024-இல் அங்கே தொண்ணூற்றைந்தை ஒட்டி நின்றது. சாயங்காலம் ஐந்தரை, ஆறுக்கு மேல் படகுவீடு ஓடக்கூடாது, அந்த நேரத்தில்தான் ஊர்க்காரர்கள் வலை போடுகிறார்கள். அது நியாயமான விதி. ஆனால் ஐந்தரை வரை ஓடலாம் என்பது எப்படி நாலரைக்கே கட்டிவிடலாம் என்று ஆனது? கேட்டால், "பின்னே ஸ்தலம் கிட்டில்லா சேட்டா" (அப்புறம் இடம் கிடைக்காது அண்ணே) என்றார் படகோட்டுகிற ஸ்ராங்க். அதுவும் பொய்யில்லை. எங்களுக்கு இரண்டு பக்கமும் பதினெட்டுப் படகுகளை எண்ணினேன். பஸ் ஸ்டாண்டு மாதிரி வரிசை. ஒன்பது மணிக்கு எல்லா ஜெனரேட்டரும் சேர்ந்து உறுமத் தொடங்கியது. அதற்குப் பிறகு தவளைச் சத்தத்துக்கு எங்கே போவது?

அப்புறம் ஆகாயத்தாமரை. 2017 பிப்ரவரியில் போனபோது காயல் நடுவில் இன்ஜின் இருமிக்கொண்டே நின்றுவிட்டது. உதவிக்கு இருந்த பையன் மடித்துக் கட்டிய கைலியோடு, கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். "ஏ தம்பி, பாம்பு கீம்பு கெடக்கப் போவுது" என்று எங்கம்மா பதறினாள். முங்கி முங்கி எழுந்து, கறுப்புத் தாடி மாதிரி வேர்க்கற்றைகளை அறுத்துப் படகின் மேல் எறிந்தான். இருபது நிமிடம் ஆயிற்று. நெல்லுக்கு உப்புத்தண்ணீர் ஆகாது என்பதால் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் மதகுகளை டிசம்பரில் மூடிவிடுகிறார்கள். உப்பு உள்ளே வராத மாதங்களில் இந்தச் செடிக்குக் கொண்டாட்டம். மதகு திறந்து கடல் தண்ணீர் ஏறினால்தான் சாகும். நமக்கோ லீவு வருவது டிசம்பரிலும் பொங்கலுக்கும். 2005-இல் சம்பக்குளம் படித்துறையில் நான் முங்கிக் குளித்தேன். போன தடவை கால் நனைக்கவும் மனம் வரவில்லை.

எங்கள் கூட்டமும் கரைந்துவிட்டது. முதலில் நாலு குடும்பம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் குட்டநாடே மூழ்கியது. சனங்களை ஏற்றிக் கரைசேர்க்க இந்தப் படகுவீடுகளும்தான் ஓடின. அந்த வருடம் யாரும் போகிற மனநிலையில் இல்லை. பிறகு கொரோனா. 2023 மே 7, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் போய்ச் சேர்ந்தார்கள். மலப்புறம் எங்கே ஆலப்புழா எங்கே என்று சொல்லிப் பார்த்தேன். "தண்ணி எல்லா ஊர்லயும் தண்ணிதான்யா" என்று அத்தை ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அவள் வீட்டுக்காரர்கள் அத்தோடு விலகிக்கொண்டார்கள். அத்தை சொன்னதிலும் விஷயம் இருக்கிறது: 2024 டிசம்பரில் நாங்கள் ஏறிய படகில் லைஃப் ஜாக்கெட்டுகள் அடுக்களைக்கு மேலே கயிறு போட்டுக் கட்டிய மூட்டையாக இருந்தன. அவிழ்க்கச் சொன்ன பிறகுதான் அவிழ்த்தார்கள். ஏறியதும் முதலில் அதைக் கேளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் குறை இல்லை. கரிமீன் வறுவல் அன்றும் இன்றும் பிரமாதம், துண்டுதான் சிறுத்திருக்கிறது.

இப்போது நானும் மனைவியும் மட்டும் வேறு வழியில் போகிறோம். நடுராத்திரி தென்காசியில் பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்ததும் கோட்டயம். அங்கே கோடிமதை படகுத்துறையிலிருந்து ஆலப்புழாவுக்கு அரசுப் படகு. முப்பது ரூபாய் அளவில்தான் டிக்கெட், இரண்டரை மணி நேரம், மணிக்கணக்கில் எங்கேயும் கட்டிப் போடாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. முன்னால் சுக்கான் பிடிக்கிற ஸ்ராங்க் கயிற்றை இழுத்து மணியடித்தால், இன்ஜின் பக்கத்தில் இருப்பவர் அந்தக் கணக்குக்கு வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். பால் கேன், சைக்கிள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் ஏறும், இறங்கும். தோட்டின் குறுக்கே தூக்குப்பாலங்கள் உண்டு; படகு வருவதைப் பார்த்ததும் கரையிலிருந்து யாராவது கயிற்றை இழுத்துத் தூக்கிவிடுவார்கள்.

பாலம் கோளாறு என்றாலோ ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டாலோ படகு கோட்டயம் வரை வராது, வழியில் இருக்கிற காஞ்ஞிரம் துறையோடு திரும்பிவிடும். ஸ்டேஷனில் இறங்கியதும் ஆட்டோக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களுக்குத் தெரியும்.