சூவா, ஸ்டானா?

டி. ரெக்ஸ் டைனோசரின் எலும்புக்கூட்டைப் பார்த்ததாக யாராவது சொன்னால், எந்த ஊரில் என்று கேட்டுவிடுவேன். உலகம் முழுக்கப் பல அருங்காட்சியகங்களில் வாயைப் பிளந்து நிற்பது ஸ்டான் என்ற எலும்புக்கூட்டிலிருந்து அச்செடுத்து வார்த்த நகல்தான். அசல் வேறு, நகல் வேறு இல்லையா.

ஸ்டான், சூ என்ற இரண்டு அசல் எலும்புக்கூடுகளுமே அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மண்ணில் கிடைத்தவை. ஸ்டான் 1987இல், சூ 1990இல். கண்டுபிடித்தவர்களின் பெயரையே வைத்துவிட்டார்கள், அதனால் சூ என்றதும் பெண் என்று நினைத்துவிட வேண்டாம், ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது.

முழுமை என்று பார்த்தால் சூதான். உடலின் மொத்த எலும்பில் சுமார் 90 சதவீதம் கிடைத்திருக்கிறது, நீளம் 12 மீட்டருக்கு மேல். உடைந்து மறுபடி கூடிய விலா எலும்பு, கீழ்த்தாடையில் ஓட்டைகள் என்று பட்ட பாடெல்லாம் எலும்பிலேயே தெரியும். சாகும்போது வயது 28 இருக்கலாம் என்கிறார்கள். சூ இருக்கும் சிகாகோ அருங்காட்சியகத்துக்குள்ளேயே 2018இல் இடம் மாற்றியபோது வயிற்று விலா எலும்புகளையும் சேர்த்துப் பூட்டினார்கள், ஆள் திடீரென்று தொப்பை போட்ட மாதிரி ஆகிவிட்டது. எனக்கு இந்த உருவம்தான் பிடித்திருக்கிறது.

ஆனால் தலை? அங்கே ஸ்டான் ஜெயித்துவிடுகிறது. சூவின் மண்டையோடு மண்ணுக்குள் நசுங்கிப்போனது, போதாததற்குக் கனமும் அதிகம், அதனால் உடம்பில் மாட்டியிருப்பது நகல், அசல் தனிக் கண்ணாடிப் பெட்டியில். ஸ்டானின் மண்டையோட்டு எலும்புகளோ தனித்தனியாகப் பிரிந்து, நெளியாமல் கிடைத்தவை.

அப்புறம் விலை. 1997 ஏலத்தில் சூ சுமார் 84 லட்சம் டாலர். மெக்டொனால்ட்ஸும் டிஸ்னியும் கைகொடுக்க, சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகம் வாங்கியது. 2020இல் ஸ்டான் 3 கோடியே 18 லட்சம் டாலருக்குப் போனது, எங்கே போனது என்பதே 2022 வரை வெளியே தெரியாமல் ஆய்வாளர்கள் தவித்தார்கள். கடைசியில் அபுதாபி. அங்கே 2025 நவம்பரில் திறந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் சிகாகோ என்பேன். சரி, விசாவும் டிக்கெட்டும் ஒத்துவராது என்றால் அபுதாபி சென்னையிலிருந்து நாலு மணி நேரம்தான், போனால் ஸ்டானின் பல்லை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், பின்னந்தலைப் பக்கம் போய் ஆறிப்போன கடித்தடத்தையும் தேடுங்கள்.